நையாட் எந்தத் தண்ணீர்ப் பெண்? ஒரு சொல்லை வேர்வரை தேடும் முறை

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற உனக்குக் கிரேக்கப் புராணப் பெண்களோடு என்ன வேலை என்று என் தங்கச்சியே கேட்பாள். வேலை இருக்கிறது. தும்பியின் இளம் பருவம் தண்ணீருக்குள் வளரும். அதற்கு நையாட் என்று பெயர். கடற்கரைச் சேற்றுப் புழு ஒன்றுக்கு நெரெய்ஸ். அல்லிப் பேரினத்துக்கு நிம்பேயா. நிணநீருக்கு ஆங்கிலத்தில் லிம்ப். நாலு பெயரையும் கிளறினால் கிரேக்கரும் உரோமரும் கும்பிட்ட நீர்ப்பெண்கள் வந்து நிற்பார்கள்.

வகுப்பில் யாராவது எழும்பிக் கேட்பது வழக்கம்: "ரீச்சர், நையாட் எண்டால் கடற்கன்னியோ?"

"இல்லைப் பிள்ளை, அவளுக்குக் கடல் ஆகாது."

அந்தப் பதிலுக்கு எப்படி வந்து சேர்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு போன், ஒன்றிரண்டு அகராதி, சொல் ஒன்றுக்குக் குறிப்பெழுத ஒரு மட்டை (அட்டை). இவ்வளவும் இருந்தால் சரி.

முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் நேரே அகராதிக்குப் பாய்வார்கள். நான் என் பிள்ளைகளை அப்படி விடுவதில்லை. நீர்ப்பெண்ணின் பெயர் என்றால் முதல் கேள்வி, எந்தத் தண்ணீர்? நல்ல தண்ணியா, உப்பா, சவரா (உவர்ப்பா)? ஓடுகிறதா, நிற்கிறதா?

யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் எங்களுக்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், அடியில் கிடக்கும் உப்புத்தண்ணீரின் மேலே மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி மோட்டர் போட்டு இறைத்தால் கிணறு சவராகிவிடும். காணி பார்க்கப் போகிற ஆள் வேலியையும் மதிலையும் பார்க்க முதல் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். சொல்லையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கிரேக்கர் இந்த விஷயத்தில் எங்களைப்போலத்தான். நையாட்கள் நன்னீருக்கு உரியவர்கள்: ஊற்று, கிணறு, ஓடை, ஆறு. நெரெயிட்கள் கடலுக்கு உரியவர்கள். நெரெயுஸ் என்ற கடற்கிழவருக்கும் தோரிஸுக்கும் பிறந்த 50 பெண்கள். அக்கிலீஸின் தாய் அவர்களில் ஒருத்தி. மூன்றாவது கூட்டம் ஓசியானிட்கள். ஒக்கியானோஸின் மகளிர் 3000 பேர் என்று ஹெசியோட் பாடியிருக்கிறார். இந்த இடத்தில் பிள்ளைகள் வழுக்குவார்கள். ஓஷன் என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து அவர்களையும் உப்புக்குள் தள்ளிவிடுவார்கள். பழைய கிரேக்கரின் கணக்கில் ஒக்கியானோஸ் பூமியைச் சுற்றி ஓடும் பேராறு. ஆறுகளும் ஊற்றுகளும் ஆழக் கிணறுகளும் அதிலிருந்து பிறக்கின்றன என்பது ஹோமரின் வாக்கு.

நையாட்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. ஊற்றுக்காரிகள் பெகாயாய், ஆற்றுக்காரிகள் பொதாமெய்தெஸ், ஏரிக்காரிகள் லிம்னாதெஸ். பெகே ஊற்று, பொதாமோஸ் ஆறு, லிம்னே ஏரி. நீர்யானையின் ஹிப்போபொட்டமஸ் என்ற பெயரில் பின்பாதியாக இருப்பது இதே பொதாமோஸ்தான். ஹிப்போஸ் குதிரை, ஆற்றுக்குதிரை.

ஈற்றைக் கழற்றுங்கள்

அடுத்தது சொல்லை அதன் சொந்த மொழி வடிவத்துக்குக் கொண்டுபோவது. நையாட் என்பது ஆங்கிலத்தின் வழியாக வந்த ஒலிப்பு. கிரேக்க ஒருமை நாயியாஸ், பன்மை நாயியாதெஸ். ஒருமையையும் பன்மையையும் பக்கத்தில் வைத்தால்தான் ஈறு எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

அந்த ஈறு ஒரு பெண்பால் ஈறு. 'அதற்கு உரியவள், அதற்கு உரியது' என்ற பொருளைத் தரும். கணித ஒலிம்பியாட் எழுதுகிற பிள்ளைகள் அதைத் தெரியாமலே தினமும் சொல்கிறார்கள். ஒலிம்பியாட் ஒலிம்பியாவுக்கு உரியது. இலியட் இலியோன் நகருக்கு உரியது. மலைப்பெண் ஒரேயாட், ஓரோஸ் என்ற மலையிலிருந்து. மரப்பெண் திரியாட், திரூஸ் என்ற மரத்திலிருந்து. நையாட்டில் ஈற்றைக் கழற்றினால் மிஞ்சுவது 'நா'. நாஎய்ன் என்றால் ஓடுதல், ஊற்றெடுத்தல். நாமா என்றால் ஓடும் நீர். ஆக நையாட், ஓடும் நீருக்கு உரியவள்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். இந்தோ ஐரோப்பிய மொழிகளை ஒப்பிடுகிறவர்கள் இந்தச் சொல்லை நீந்துதல், நனைதல், ஒழுகுதல் என்ற பொருளுள்ள 'ஸ்நா' என்ற வேரோடு சேர்ப்பார்கள். லத்தீனில் நீந்துவதற்கு நாரே. சமஸ்கிருதத்தில் ஸ்நானம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் ஸ்நானம் பண்ணுகிறோம் என்று சொல்கிறபோது, நையாட்டின் தூரத்துச் சொந்தக்காரச் சொல்லொன்றைத்தான் சொல்கிறோம். எனக்கு இது பிடித்த இடம். பிள்ளைகளும் இதை மறப்பதில்லை.

இந்தப் பெண்கள் எல்லோருக்கும் பொதுவான நிம்ப் என்ற பெயரை இதே மாதிரி உரித்துப் பார்த்தால் தண்ணீர் ஒரு சொட்டும் வராது. நிம்பே என்றால் மணப்பெண், கலியாண வயதுப் பெண். அதனால்தான் மலைக்கும் மரத்துக்கும் நிம்ப் இருக்கலாம். நிம்ப் என்றதும் நீர்ப்பெண் என்று எழுதுவது அவசரம். பூச்சியியலில் முழு வளர்ச்சி பெறாத பருவத்துக்கு இந்தப் பெயர் வந்ததும் இளம்பெண் என்ற பொருளால்தான். லத்தீனில் தெளிந்த தண்ணீருக்கு லிம்பா என்ற சொல் இருந்தது. கிரேக்க நிம்பேயைப் பார்த்து அதன் எழுத்து வடிவம் திரிந்தது. அங்கிருந்து வந்ததுதான் எங்கள் பாடப்புத்தகத்தில் நிணநீராகிய லிம்ப்.

பழைய பயன்பாட்டைப் படியுங்கள்

வேர் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று மூடி வைக்காதீர்கள். வேர் சொல்லுவது ஒன்று, ஆட்கள் அந்தச் சொல்லை வைத்துச் செய்தது இன்னொன்று. லிடெல், ஸ்கொட் இருவரும் தொகுத்த பெரிய கிரேக்க அகராதி பெர்சியுஸ் என்ற மின்நூலகத்தில் இலவசமாக இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி, யார் எந்த அடியில் ஆண்டார் என்றும் அது காட்டும். அந்த அடிக்குப் போய் முன்னும் பின்னும் பத்து வரி படியுங்கள், மொழிபெயர்ப்பிலாவது படியுங்கள்.

நையாட்டுக்கு அப்படிப் போனால் ஹோமரின் ஒடிசி காவியத்தின் 13ஆம் காண்டத்துக்கு வருவோம். ஊர் திரும்பும் ஒதிசெயுஸை இறக்கிவிடும் இதாகாத் துறையில் ஓர் ஒலிவ மரம். அதனருகே மங்கலான ஒரு குகை. நையாட்கள் என்று அழைக்கப்படும் நிம்பேக்களின் புனித இடம் அது. உள்ளே கல்லால் ஆன பெரிய தறிகள் இருக்கின்றன. பெண்கள் அவற்றில் கடலின் ஊதா நிறத்தில் துணி நெய்கிறார்கள். கற்சாடிகளில் தேனீ கூடு கட்டுகிறது. வற்றாத தண்ணீர் ஓடுகிறது. வாசல் இரண்டு: வடக்கு வாசலால் மனிதர் இறங்கலாம், தெற்கு வாசல் தெய்வங்களுக்கு மட்டும். வால் இல்லை, செதில் இல்லை, பாறையில் இருந்து தலை வாரும் வேலையும் இல்லை. நெசவு செய்கிற, வீடு வாசல் உள்ள பெண்கள். நையாட்டை மீன்வாலோடு வரைகிற பிள்ளைக்கு இந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

அரெதுசாவும் கீரிமலையும்

ஒரு சொல்லோடு ஓர் இடத்தைக் கட்டிவைத்தால் அது நினைவில் நிற்கும். நையாட்டுக்கு நான் கட்டுவது அரெதுசா ஊற்றை.

சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் ஒர்த்திஜியா என்ற சிறு தீவு இருக்கிறது. அதன் கரையில், கடலிலிருந்து ஒரு மதில் தூரத்தில், நன்னீர் ஊற்று. அரெதுசா என்ற பெண் கிரேக்கத்தின் அல்பெயோஸ் ஆற்றுத் தெய்வத்துக்குத் தப்பி ஓடினாள். ஆர்த்தெமிஸ் என்ற பெண்தெய்வம் அவளைத் தண்ணீராக மாற்றினாள். அவள் கடலுக்கு அடியால் போய் ஒர்த்திஜியாவில் வெளிவந்தாள். அல்பெயோஸும் விடாமல் பின்னால் வந்து கலந்தான். இதுதான் கதை. சிராக்கூஸ்காரர் இதற்கு அத்தாட்சியும் வைத்திருந்தார்கள்: ஒலிம்பியாவில் ஆற்றுக்குள் போட்ட கிண்ணம் அரெதுசா ஊற்றில் மிதந்து வந்ததாம். ஸ்திராபோ என்ற புவியியல் ஆசிரியர் இதை எழுதிவைத்துவிட்டு, ஆறு கடலில் விழும் வாய் கண்ணுக்கு முன்னே தெரிகிறபோது இது எப்படி நடக்கும் என்று மறுத்தும் இருக்கிறார்.

இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்தவர் யாரும் நிமிர்ந்து உட்காருவார். நவக்கிரிப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் வந்து மிதந்தது என்ற கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கீரிமலையும் அலை அடிக்கிற கரையோரத்து நன்னீர்தான். நிலாவரையும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குதிரைமுகத்தோடு பிறந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி நீராடி முகம் மாறப்பெற்றதாகச் சொல்லும் தலமும் கீரிமலைதான்.

இரண்டு கதைக்கும் தொடர்பு இருக்கிறது என்றோ, ஒன்று மற்றதைப் பார்த்து எழுந்தது என்றோ சொல்ல வரவில்லை. இரண்டும் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கதைகள். தண்ணீர் ஓரிடத்தில் மண்ணுக்குள் மறைந்து வேறோரிடத்தில் கிளம்புகிற நிலத்தில் அதற்கு ஒரு வழியும் ஒரு காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். கிரேக்கர் ஒரு பெண்ணை ஓட விட்டார்கள். நாங்கள் தேசிக்காயை விட்டோம். நிலாவரைக்கு இராமனின் அம்பையும் காரணம் சொன்னோம்.

தமிழில் எங்கே தேடுவது

இந்தப் படியில் நிதானம் வேண்டும். ஆங்கில–தமிழ்க் கையகராதி 'நீரணங்கு', 'நீர்த் தேவதை', 'கடற்கன்னி' என்று ஏதாவது ஒன்றைத் தரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இதைத் தமிழர் என்ன பெயரில் அறிந்திருந்தார்கள் என்று தலைகீழாகத் தேடுங்கள்.

எங்களிடம் இருப்பது அரமகளிர் என்ற சொல். தெய்வப்பெண்கள் என்று பொருள். முன்னால் இடத்தை வைத்தால் வகை பிரியும்: வரையரமகளிர் மலையில், நீரரமகளிர் தண்ணீரில், வானரமகளிர் வானத்தில். கிரேக்கர் ஒரேயாட், நையாட் என்று பிரித்த அதே ஒழுங்கு. திருமுருகாற்றுப்படை 'சூரர மகளி ராடுஞ் சோலை' என்று பாடுகிறது. சூர் என்றால் அச்சம், அச்சம் தருகிற தெய்வம். மலைபடுகடாத்தில் வழி சொல்கிறவர், வரையரமகளிர் இருக்கும் இடம் கண்ணில் பட்டால் உயிர்போக நடுங்குவீர்கள் என்று எச்சரிக்கிறார். வள்ளுவர் 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று தொடங்குவதும் இந்தப் பயத்தோடுதான். அணங்கு அழகு மட்டும் இல்லை, தாக்குகிற சக்தி.

கிரேக்கத்திலும் இந்தப் பயம் இருந்தது. நிம்பேக்கள் பிடித்த ஆளுக்கு நிம்போலெப்தோஸ் என்று பெயர். அத்திக்காவில் வாரி என்ற ஊர்ப் பக்கத்துக் குகையில் அர்கெதெமோஸ் என்ற ஒருவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தன்னை அப்படி அழைத்துக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார். உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போகாதே என்று பெட்டைகளை மறித்த எங்கள் அப்பம்மாமாருக்கு அவரைப் பார்த்தவுடனே விளங்கியிருக்கும்.

சரி, தேடும் கருவிகள். நிகண்டில் தேடுகிறவர்கள் அதன் அடுக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு 12 தொகுதி. முதலாவது தேவர் பெயர்கள். பதினோராவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் தொகுதி. அதில் சொற்கள் முதலெழுத்துப்படி இல்லை, எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்துப்படி அடுக்கப்பட்டிருக்கும். அணங்கு போன்ற ஒரு சொல்லைத் தேடுவதானால் அகரத்தைப் புரட்டிப் பயனில்லை; ணகர எதுகைக்குப் போக வேண்டும். இது தெரியாமல், நிகண்டில் இல்லை என்று மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். ஆறுமுகநாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சிட்டவற்றில் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று என்பது எங்கள் ஊர்ப் பெருமைக்காக.

அகராதிகளிலும் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. மானிப்பாயில் 1842இல் அச்சான யாழ்ப்பாண அகராதி, 58,500 சொற்களுக்குத் தமிழிலேயே பொருள் சொல்லும். நைற் பாதிரியார் இங்கே சேர்க்கத் தொடங்கிய சொற்களை வைத்து வின்ஸ்லோ முடித்த தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் வந்தது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி வேர் தேடுகிறவர்களுக்கென்றே செய்தது. அவர் 1947இல் காலமானார், அகராதி முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதையும் வின்ஸ்லோவையும் போனிலேயே தேடலாம். ஈழத்துப் பழைய நூல்களுக்கு நூலகம் தளம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 1981இல் எரிந்துபோன 97,000 நூல்களில் எத்தனை அகராதி இருந்ததோ என்ற எண்ணம் அந்தத் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் வரும்.

அப்சரஸ் என்ற சொல்லையும் இதே மட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். இந்திரசபையில் ஆடுகிறவர்கள் என்றுதான் அவர்களைத் தெரிந்து வைத்திருக்கிறோம். சொல்லைப் பிரித்தால் தண்ணீர் வரும். அப் என்றால் நீர், சர என்பது செல்லுதல், நீரில் அசைகிறவள். பஞ்சபூதக் கணக்கில் அப்பு என்று சொல்லுகிறோமே, அந்த அப்புத்தான். (வீட்டில் அப்பு என்று கூப்பிடுகிற அப்பு வேறு.) யாஸ்கரின் நிருக்தம் என்ற பழைய சொற்பொருள் நூல் இந்தப் பொருளைச் சொல்லிவிட்டு, அப்ஸ என்பது வடிவத்தைக் குறிக்கும் சொல், அதனால் வடிவழகி என்றும் கொள்ளலாம் என்று இன்னொரு வழியும் காட்டுகிறது. வால்மீகியோ, பாற்கடல் கடைந்தபோது நீரின் சாரத்தில் எழுந்தவர்கள் என்கிறார். பழைய நூலே மூன்று விளக்கம் வைத்திருந்தால் மூன்றையும் எழுதுங்கள். எது சொல்லின் வரலாறு, எது சொல்லைப் பார்த்து எழுந்த கதை என்று பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்.

காது சொல்வதை நம்பாதீர்கள்

நெரெயுஸ் என்றதும் யாராவது ஒருவர், "நீர், நெரெ, எல்லாம் ஒண்டுதானே" என்று தொடங்குவார். இன்றைய கிரேக்கத்தில் தண்ணீருக்கு நெரோ என்பதையும் கொண்டுவந்து காட்டுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நெரோவின் வரலாறு எழுத்தில் கிடக்கிறது. பழைய கிரேக்கத்தில் தண்ணீருக்குச் சொல் ஹுதோர். 'நெயாரோன் ஹுதோர்', புதுத்தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி, பின்பாதி உதிர்ந்து, புது என்ற சொல்லே தண்ணீரைக் குறிக்க வந்துவிட்டது. எங்கள் நீருக்கோ தெலுங்கிலும் கன்னடத்திலும் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். பரோ, எமெனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் பார்க்கலாம். இரண்டு சொல் இன்று ஒரே மாதிரி ஒலிப்பது ஒன்றையும் நிறுவாது. நேற்று எப்படி ஒலித்தன, முந்தநாள் எப்படி ஒலித்தன என்று பின்னோக்கிப் போக வேண்டும். நையாட்டையும் நயினாதீவையும் முடிச்சுப் போட வருகிறவருக்கும் இதே பதில்தான்.

தும்பிக்கு ஏன் இந்தப் பெயர்

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். பூச்சியியலில் தும்பி, ஊசித்தும்பி போன்றவற்றின் இளம் பருவத்துக்கு நையாட் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தண்ணீர்க் கணக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அநேகமாக எல்லாம் நன்னீர்ப் பிராணிகள். ஒரு கேணியிலோ தாமரைக் குளத்திலோ அடிச்சேற்றையும் பாசியையும் சிறு வலையால் அள்ளி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். சேறு அடங்கியதும் ஒரு துண்டுச் சேறு தானாக நடக்கும். அதுதான். ஊசித்தும்பியின் நையாட் என்றால் வாலில் இலைபோல மூன்று பூக்கள் (செவுள்கள்) விரிந்திருக்கும். தும்பியின் நையாட்டுக்குப் பூ வெளியே தெரியாது; தண்ணீரைப் பின்புறத்தால் உள்ளிழுத்து மூச்சு விடும், பயந்தால் அதே தண்ணீரைப் பீச்சி முன்னே பாயும். கீழுதடு தலைக்கு அடியில் மடிந்து கிடக்கும். நுளம்புப் புழு ஒன்றைப் பக்கத்தில் விட்டால் அந்த உதடு நீண்டு பிடித்து மீண்டும் மடிவதைக் கண்ணால் தொடர முடியாது.

கரையோரப் புல்லில் கழன்ற கோதும் அகப்படும். முதுகில் நேர்கோடாக ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் மெல்லிய வெள்ளை நூல்கள். அவை பழைய மூச்சுக்குழாய்களின் உட்தோல். தும்பி வெளியே வரும்போது இழுபட்டு வந்தவை. பிள்ளைகளுக்கு இந்தக் கோதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெயரைச் சொல்லுவேன்.

உப்புப் பக்கத்துப் பெயர் புழுவுக்குப் போயிற்று. நெரெய்ஸ் கடற்புழு, லின்னேயுஸ் என்ற சுவீடன் இயற்கையியலாளர் 1758இல் வைத்த பேரினப் பெயர். நையாட்டின் பெயரை அவரே 1753இல் நயாஸ் என்று ஒரு நீர்த்தாவரத்துக்கும் வைத்தார். அதில் ஓர் இனத்துக்கு மரீனா, கடலுக்குரியது என்றும் பெயர் போட்டார்! சவர்த் தண்ணீரிலும் வளரக்கூடிய தாவரம் அது. நன்னீர்க்காரியைச் சவருக்கு அனுப்பியவர் அவர்தான். வானத்திலும் இந்தச் சோடி இருக்கிறது: நெப்தியூனின் நெரெயிட் என்ற துணைக்கோளை 1949இல் கைப்பர் கண்டார், நையாட் என்ற துணைக்கோள் 1989இல் வொயேஜர் 2 அனுப்பிய படங்களில் அகப்பட்டது.

எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது

என் தீர்ப்பு இதுதான். புராணக் கதையை எழுதுகிறவர் நீரரமகளிர் என்று போடலாம், ஒருத்தியானால் நீரரமகள். நன்னீர் என்பது முக்கியமானால் ஊற்றுமகள், ஆற்றுமகள் என்று இடத்தைச் சொல்லிவிடுங்கள். உயிரியலில் நையாட் என்றே விடுங்கள். பூச்சிக்கு நீரரமகள் என்று பெயர் வைத்தால் பரீட்சையில் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். அணங்கு வேண்டாம் என்பேன். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பாரம் அதிகம்.

கடற்கன்னியை மீன்வால் உள்ளவளுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். எங்கள் கடலிலேயே அவளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1560இல் மன்னார்ப் பக்கத்து மீனவர் வலையில் ஏழு கடல் மனிதர் அகப்பட்டதாகவும், கோவா வைசிராயின் மருத்துவர் அவற்றை அறுத்துப் பார்த்ததாகவும் இயேசுசபையினர் எழுதிய செய்தியை 19ஆம் நூற்றாண்டில், இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ற் எடுத்துக் காட்டினார். அவர் அதைக் கடற்பசுவோடு சேர்த்தே பேசுகிறார்; எங்கள் கடற்கரையில் ஆவுளியா என்பார்களே, அதுதான். அந்தப் பிராணியின் வரிசைக்கு விலங்கியலில் சைரேனியா என்று பெயர், கிரேக்கரின் சைரன்களிலிருந்து. அந்தச் சைரன்களோ முதலில் மீன்வால்காரிகள் இல்லை. பழைய கிரேக்கச் சாடிகளில் அவர்கள் பெண்தலை வைத்த பறவைகள்.

மட்டையில் எழுதும் ஒழுங்கு: மேலே சொல், அதன் கீழே தண்ணீர், பிறகு சொந்த மொழி வடிவம், ஈறு, வேர், பழைய பயன்பாடு, கடைசியில் தமிழ். தண்ணீர் என்ற வரியை நிரப்பாமல் கீழே இறங்க வேண்டாம்.

நீங்களே செய்து பார்க்க இரண்டு சொற்கள். ஒன்று உந்தீன். 16ஆம் நூற்றாண்டில் பரசெல்சுஸ் என்ற மருத்துவர் நீரில் வாழும் உயிர்களுக்கு உண்டாக்கிய பெயர். லத்தீனில் உந்தா என்றால் அலை, அதனால் தண்ணீர் வரி சட்டென்று நிரம்பிவிடும். மற்றது ரஷ்யரின் ருசால்கா. ஆற்றிலும் குளத்திலும் இருக்கிறவள்தான், ஆனால் பெயருக்குள் தண்ணீர் கிடையாது. உரோமரின் ரோசாலியா என்ற ரோசாப்பூத் திருவிழாவின் பெயர் சிலாவிய மொழிகளுக்குள் போய், வசந்தகாலச் சடங்கின் பெயராகி, பிறகு அந்தச் சடங்கோடு சேர்ந்த பெண்ணின் பெயராகியது. அவளுக்குத் தண்ணீர் வரியில் 'ஆறு, குளம்' என்றும் வேர் வரியில் 'பூ' என்றும் எழுதுங்கள்.